மாமாவின் அங்க அடையாளம்

என் மாமா இந்த உலகத்தில் இரண்டுக்குத்தான் பயந்தார். ஒன்று ஊசி. இன்னொன்று என் அம்மா. அம்மா அவருக்குக் கூடப்பிறந்த அக்கா என்பதால் இரண்டாவது பயத்தில் நியாயம் உண்டு. முதல் பயம்தான் அவருடைய ஹெவி லைசென்ஸுக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

அப்போது மாமா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஏற்றும் லாரியில் கிளீனர். ஓனர் புது லாரி ஒன்று எடுக்கப்போவதாகவும், அது வந்து நிற்பதற்குள் லைசென்ஸைக் காட்டினால் சாவி மாமாவுக்குத்தான் என்றும், இல்லாவிட்டால் வேறு டிரைவர் தயாராக இருப்பதாகவும் சொல்லிவிட்டார். கார் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தது. எட்டாவது பாஸான சர்டிபிகேட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் மெத்தப் படித்தவர் அவர்தான். பாக்கி டாக்டர் சர்டிபிகேட். ஹெவி லைசென்ஸ் என்றால் ஊசியும் ஹெவியாகத்தான் இருக்கும் என்று லாரி ஸ்டாண்டில் எவனோ கிளப்பிவிட, மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா உடனே திருத்தணி முருகனிடம் பேசிவிட்டாள். "டாக்டரு பாஸ் பண்ணி வுட்டா மொட்ட போடறோம் முருகா."

"யாருக்குக்கா மொட்ட?" என்றார் மாமா.

அம்மா அவர் தலையைப் பார்த்தாள்.

அது சாதாரணத் தலை இல்லை. காதை மூடி, பிடரியில் புரண்டு, பின் பாக்கெட்டில் தனக்கென்று ஒரு சீப்பு வைத்திருந்த தலை. பெண் பார்க்கிற நேரம் வேறு.

கவரைப்பேட்டை டாக்டரிடம் என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் வகுப்புப் படித்த நான் அவருக்குத் துணை! டாக்டர் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார், கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த நம்பரைக் கேட்டார், கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார். ஊசி வரவே இல்லை. மாமா முகத்தில் அசடு வழிந்தது.

"அங்க அடையாளம் ரெண்டு சொல்லுப்பா" என்றார் டாக்டர்.

"வலது கையில மச்சம் சார். வேற ஒண்ணும் இல்ல சார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யி சார்! மண்டையில எம்மாம் பெரிய தழும்பு கீது!" என்றேன்.

டாக்டர் முடியை விலக்கிப் பார்த்து, இடது காதுக்கு மேல் பிறை போலத் தழும்பு என்று எழுதி, போட்டோவின் மேல் பாதி விழும்படி சீல் குத்தினார். வெளியே வந்ததும் மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா. பொண்ணு ஊட்டுக்காரன் காதுல வுழுந்தா இன்னா ஆவறது?"

முருகனிடம் அம்மா கடன் வைப்பதில்லை. கிருத்திகைக்கே மாமா மொட்டையானார். மீசையும் போனது.

டிரைவிங் டெஸ்டுக்கு நாங்கள் மூவருமே போனோம். வேண்டுதலை நிறைவேற்றிய கையோடு ராசியாக இருக்கட்டும் என்று அம்மா வந்தாள். எனக்கு அன்றைக்கு வயிற்றுவலி, அதனால் பள்ளிக்கூடம் போகவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார். அதில் முடியும் மீசையுமாக ஒரு சினிமாக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இது யாரு போட்டோ?"

"நான்தான் சார்."

"அப்போ எதிர்ல நிக்கறது?"

"அதுவும் நான்தான் சார்."

"வெளாடறியா? வேற போட்டோ ஒட்டி, டாக்டராண்ட புதுசா கையெழுத்து வாங்கினு அடுத்த வாரம் வா. போ."

புது லாரி வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று புதன்கிழமை. மாமா வழுக்கென்றிருந்த தலையைத் தடவிக்கொண்டே நின்றார். "உன்க்காகத்தானே முருகா குடுத்தோம்..." என்று அம்மா அங்கேயே ஆரம்பித்தாள்.

எனக்கு மறுபடியும் பொறுக்கவில்லை. "சார்! மண்டையில தழும்புன்னு டாக்டரு எழுதிகீறாரு, படிச்சுப் பாருங்க சார்!"

இன்ஸ்பெக்டர் என்னை முறைத்தார். பிறகு படித்தார். "எங்க, காட்டு."

தலை முழுக்கச் சந்தனம். அம்மா முந்தானையை எடுத்து, இடது காதுக்கு மேல் துடைத்தாள். பிறை பளிச்சென்று வெளியே வந்தது.

"எப்பிடி வந்திச்சு இது?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "என்னாலதான் சார். சின்னப் புள்ளயில லாரி பின்னாடி சங்கிலியப் புடிச்சுத் தொங்கினே போவான். ஒரு நாளு தொரத்திப் போயி சட்டையப் புடிச்சு இழுத்தேன். கல்லுல வுழுந்து மண்ட ஒடஞ்சு பூடுச்சு. இனிமே லாரிங்கற பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கு சாமி முன்னாடி சத்தியம் வாங்கினேன் சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார். "அதே சாமிக்கு மொட்டையும் போட்டு நீயே இட்டாந்துகீறியேம்மா! யோவ் மொட்ட, போய் வண்டிய எடு."

மாமா எடுத்தார் பாருங்கள்! அவ்வளவு நீள வண்டியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, நட்டிருந்த கம்பு ஒன்றுகூட அசையாமல் கொண்டுபோய் நிறுத்தினார். நான் விசில் அடித்தேன். யாரோ என்னை வெளியே துரத்தினார்கள். துரத்தட்டும், லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததே என் வாய்தானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாலை போட்ட புது லாரி எங்கள் தெருவுக்குள் வந்தது. மாமா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "அடிடா ஆரன! இந்த வண்டியில பாதி உன்னுது" என்றார். அடித்தேன். தெருவே முன்னால் வந்து கூடியது, அம்மாவைத் தவிர.

பக்கக் கண்ணாடியில் தேடினால் அம்மா லாரியின் பின்மூலையில் நின்றிருந்தாள். பின்கதவில் தொங்கிய சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இழுத்துப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தாள். மாலை, பொட்டு, எலுமிச்சம்பழம், நான், எல்லாம் முன்னால் இருக்கும்போது புது லாரியைப் போய் யாராவது பின்னாலிருந்து பார்ப்பார்களா? முன்னால் வரச் சொல்லி ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அம்மா சங்கிலியை விடவே இல்லை.