பொடி எழுத்துக்காரி

வேலை உத்தரவை அவள் நான்கு தரம் படித்தாள். சந்தோஷம் தாங்காமல் அல்ல. எங்காவது ஒரு கொக்கி இருக்கும் என்று தேடித்தான்.

முப்பத்தேழு வயது. பதினோரு வருஷம் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நின்று கால் மரத்துப் போனவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை அவளைப்போல் படிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிற தாள், அதைக் கூட்டமில்லாத மத்தியானங்களில் விரித்துவைத்து வரிவரியாகப் படிப்பாள். கடை முதலாளி அவளுக்குப் ‘பொடி எழுத்துக்காரி’ என்று பெயர் வைத்தது அதனால்தான். வயதாகிவிட்டது, கடையை மூடப்போகிறேன் என்று அவர் சொன்ன வாரத்தில், ஒரு மருந்துக் கம்பெனியில் மெடிக்கல் ரெப் வேலைக்கு மனுப்போட்டாள். போட்டாளே தவிர, கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

“சின்னப் பசங்களாப் பாத்து எடுக்கிற வேலைங்க. என்னை எதுக்கு எடுத்தாங்க?” என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடியே சொன்னார்: “கெடைக்கலைன்னா ஏன் கெடைக்கலைன்னு கேப்பே. கெடைச்சா ஏன் கெடைச்சுதுன்னு கேக்கறே. உன்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னப்பவும் இதையேதான் கேட்டே.”

“அதுக்கும் நீங்க இன்னும் பதில் சொல்லலை” என்றாள் அவள்.

பயிற்சி ஆறு வாரம். கம்பெனிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. பதினாலு பேர். காலையில் எலும்பு, மூட்டு, இரைப்பை, ஈரல் என்று உடம்புப் பாடம். மத்தியானம் விற்பனைப் பாடம். டாக்டர் அறைக்குள் எப்படி நுழைவது, எங்கே நிற்பது, மருந்தைப் பற்றிய பளபளப்பான படப்புத்தகத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து எந்த வரியில் பேனா முனையை வைப்பது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மொத்தம் தொண்ணூறு வினாடி. அதற்குமேல் எந்த டாக்டரும் காது கொடுக்கமாட்டாராம்.

பாடம் நடத்தியவர் எதற்கும் சிரிப்பார். திட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் திட்டுவார். எல்லோரும் அவரைச் ‘சிரிப்பு சார்’ என்றார்கள். முதல் நாளே அவளிடம் வந்து, “நீங்க வேலை பாத்த கடை அந்த ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவுலதானே? நல்ல இடம்” என்றார். மனுவில் கடையின் பெயரைத்தான் எழுதியிருந்தாள், இடத்தை எழுதவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் இன்னொரு தலைவலி. டியூஷன் நடத்திக்கொண்டிருந்தவராம், ஒல்லியான மனிதர். எந்நேரமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதுவதை முழங்கையால் மறைத்துக்கொள்வார். மற்றவர்கள் பேசும்போது பேனா சும்மா இருக்கும், இவள் வாயைத் திறந்தால் ஓடும். ‘சரிதான், நம்மை நோட்டம் பார்க்கக் கம்பெனி உட்கார்த்திவைத்த ஆள்’ என்று முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவர் வந்து உட்கார்ந்தால் இவளுக்குப் பசி தீர்ந்துவிடும்.

மூன்றாவது வாரம் டீ மெஷின் பக்கத்தில் சிரிப்பு சார் அவளைத் தனியாகப் பிடித்தார்.

“பதினோரு வருஷம் மருந்துச் சீட்டு வாங்கியிருக்கீங்க. அந்த ஏரியாவுல எந்த டாக்டர் எந்தக் கம்பெனி மருந்தை எழுதறாருன்னு உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தா நம்ம டீமுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.”

டீ கையைச் சுட்டது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

“அது நோயாளிங்க நம்பிக் குடுத்த சீட்டு சார். அதையெல்லாம் கடையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை” என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “சொன்னேன்ல?” என்றாள். சந்தேகம் பலித்ததில் ஒரு குட்டிச் சந்தோஷம் வந்தது. அப்புறம் அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. என் மூளைக்காக எடுத்தார்கள் என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அவளும் ஆசைப்பட்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்ட கணவர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. “அப்போ விட்டுடறியா?”

“எதுக்கு விடணும்? அவங்க எதுக்கு வேணா எடுத்திருக்கட்டும். நான் போறது வேலை கத்துக்க.”

நாலாவது வாரம் புது மூட்டுவலி மாத்திரையின் பாடம் வந்தது. படப்புத்தகத்தின் அட்டையில் ஒரு பெரியவர் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில் ‘தலைசுற்றல் மிக அரிது’. மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் சாம்பிள் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த தாளை உருவினாள். மூன்றாவது பத்தி, கடைசிக்கு முந்தின வரி: அறுபது வயதைக் கடந்தவர்களில் ஒன்பது பேரில் ஒருவருக்குத் தலைசுற்றல்.

கையைத் தூக்கிக் கேட்டுவிட்டாள்.

“நல்ல கேள்வி. டாக்டர் கேட்டா தாராளமாச் சொல்லுங்க” என்றார் சிரிப்பு சார்.

“கேக்கலைன்னா?”

“மேடம், அவர் டாக்டர். நாம சொல்லித்தான் அவருக்குத் தெரியணுமா?”

வகுப்பே சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் பேனா மட்டும் கடகடவென்று ஓடியது.

அவள் சிரிக்கவில்லை. மாடிப்படி ஏறுகிறவரைப் பார்த்தாள். ஒன்பதில் ஒருவர் என்றால் கடையில் ஒரு காலைப் பொழுதுக்குள் நாலைந்து பேர் தேறுவார்கள். மாத்திரை வாங்கிப்போனவர்கள் இரண்டு நாள் கழித்து வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, “இது ஒத்துக்கலை போலருக்கும்மா” என்று சொல்வதை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் கணவர் டாக்டராக நடித்தார். நாற்காலியில் சாய்ந்து, “ம், சீக்கிரம், வெளியே நாப்பது பேஷண்ட்” என்று விரட்டுவார். அவள் சமையலறை வாசலில் நின்று ஒப்பிப்பாள். தலைசுற்றலைச் சேர்த்துச் சொன்னால் நூற்றுப்பத்து வினாடி. எதையாவது வெட்ட வேண்டும். கம்பெனி எழுபது நாட்டில் இருக்கிறது என்பதை வெட்டினாள். மாத்திரையின் அழகான நிறத்தை வெட்டினாள். எண்பத்தெட்டில் வந்து நின்றது.

கடைசிப் பரீட்சையில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரையே மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். சுவரோரம் சிரிப்பு சாரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேலாளர் அம்மாவும். அவள் நுழைந்தாள், வணக்கம் சொன்னாள், புத்தகத்தை விரித்தாள். வலி எத்தனை நாளில் குறைகிறது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை எல்லாம் பிசகில்லாமல் வந்தது. பிறகு, “அறுபது தாண்டினவங்கள்ல ஒன்பதுல ஒருத்தருக்குத் தலைசுத்துது டாக்டர். தனியா மாடி ஏறி இறங்கறவங்கன்னா யோசிச்சுக் குடுங்க” என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இது புத்தகத்துல எங்கேம்மா இருக்கு?”

“புத்தகத்துல இல்லை. பெட்டிக்குள்ள இருக்கு.”

மேலாளர் அம்மா எழுந்து வந்து கையை நீட்டினார். தாளை வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சிரிப்பு சாரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் அதில் சேரவில்லை.

வெளியே நடைவழியில் பக்கத்து நாற்காலிக்காரர் காத்திருந்தார். “மேடம், தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு கேக்கறேன். நீங்க தலைமை ஆபீஸ் ஆளா?”

“நானா? நான் உங்களையில்ல நெனச்சிட்டிருந்தேன்!”

அவர் தயங்கித் தயங்கி நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக இவள் வகுப்பில் கேட்ட கேள்விகள், தேதி போட்டு. “எங்களைச் சோதிக்க உங்களை அனுப்பியிருக்காங்க, நீங்க கேக்கறதுதான் பரீட்சையில வரும்னு நெனச்சு எல்லாத்தையும் உருப்போட்டேன். ஒண்ணுகூட வரலை மேடம்” என்றார் பாவமாக. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தேறிவிட்டாள். பதினாலு பேரில் பதினோராவதாக. இரண்டு மாதம் கழித்துப் புதிய படப்புத்தகம் வந்தது. ‘மிக அரிது’ காணாமல் போயிருந்தது. கூட வந்த கடிதம் அதை ‘வழக்கமான திருத்தம்’ என்றது. அவள் நம்பவில்லை.

அவளுக்குக் கொடுத்த ஏரியா பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தெரிந்த டாக்டர் ஒருவர்கூட இல்லாத இடம். லிஸ்ட் தராததற்குத் தண்டனையா, இல்லை பழைய சீட்டுகளின் பக்கமே போகவேண்டாம் என்று அந்த மேலாளர் அம்மா பார்த்துச் செய்ததா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே பார்த்த முதல் டாக்டர் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். தலைசுற்றலைச் சொன்னதும் பேனா நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“எதிர்க் கம்பெனி ஆளா நீங்க?”

“இல்லை டாக்டர்.”

அடையாள அட்டையை வாங்கி, போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்றார். ரெப்புகளை யாரும் உட்காரச் சொல்வதில்லை. எதற்குச் சொல்கிறார் என்று தெரியாததால் அவள் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மாத்திரையை அவர் அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் எழுதுகிறார். கம்பெனி வைக்கிற இலக்கை அவள் மாதாமாதம் மூச்சுமுட்ட எட்டிப்பிடிக்கிறாள், சில மாதம் எட்டுவதில்லை. புது மருந்தோடு போய் நின்றால் அவர் புத்தகத்தைத் திறக்கவே விடுவதில்லை.

“முதல்ல இதுல என்ன வம்புன்னு சொல்லுங்க” என்பார்.