ஆவாரையும் டிரங்குப் பெட்டியும்

இன்று காலை காப்பித் தம்ளரோடு மொட்டை மாடியில் நின்றபோது, கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வந்து தொட்டியிலிருந்த ஆவாரம்பூவில் உட்கார்ந்தது. கனம் தாங்காமல் பூங்கொத்து சாய்ந்தது. அந்த ரீங்காரத்தைக் கேட்டதும் துறைமுகத்துப் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

கல்யாணமான புதிது. எனக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா வேலை. மனைவி தாமிரபரணிக் கரைக்காரி. வாசலில் வாய்க்கால், கொல்லையில் வாழை என்று வளர்ந்தவள். எங்கள் வீட்டிலோ குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசி. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த பிச்சி கருகியது, செம்பருத்தியும் கருகியது. பீரோ காலியாகக் கிடக்க, சேலைகளை டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். நினைத்த மாத்திரத்தில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்பதுபோல அது கதவோரம் இருக்கும். வேலை விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயந்துகொண்டேதான் பார்ப்பேன்.

ஒருமுறை பாஞ்சாலங்குறிச்சி போய்விட்டுத் திரும்பும்போது பொட்டலில் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, காய்ந்த நெற்றுகளைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆவாரையப் போயி யாராவது வீட்டுல வளப்பாவளா?" என்றேன்.

"இதாவது பூக்கட்டும். ஒரு பூ பூக்காத வீட்டுல எப்படி இருக்கது?"

செடி முளைத்து வளர்ந்தது. ஆற்றங்கரைக்காரர்களுக்குப் பாசம் என்றால் தண்ணீர்தான். லாரியில் வரும் நல்ல தண்ணீரை எனக்கு அளந்துதான் கொடுப்பாள். செடிக்குக் காலையும் மாலையும் செம்பு செம்பாக ஊற்றுவாள். எனக்கு அதன்மேல் பொறாமைகூட இருந்தது. இலை பழுத்து உதிர்ந்ததே தவிர மொட்டு வரவில்லை. பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு செம்பு கூட்டினாள்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, "செடிக்குத் தண்ணி ஊத்த மறந்துராதிய" என்றாள். பெட்டியும் கூடவே போனது.

அந்தக் கோடையில் லாரி சரியாக வரவில்லை. எனக்கே டீக்கடை அண்ணாச்சி தயவில்தான் குடிதண்ணீர். செடியும் செத்துவிட்டால் இவள் திரும்பி வந்து இருப்பாளா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருநாள் காலை கண்விழித்தால் கொல்லையில் ஒரே ரீங்காரம். செடி முழுக்க மஞ்சள். கிளைக்குக் கிளை கருவண்டு.

கைக்குழந்தையோடு வந்தவள் கொல்லை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்புட்டுத் தண்ணி ஊத்துனிய?"

"ஒரு சொட்டு ஊத்தல."

செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க ஊருச் செடி உங்கள மாதிரியே இருக்கு. கண்டுக்கிடாம விட்டாத்தான் சிரிக்கும்."

அன்று சாயங்காலம் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் அடுக்கினாள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெதையும் வேடிக்கை பார்த்ததில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே லாரிகள் நிற்கின்றன. செடியும் போய்விட்டது. மாடியில் இருப்பது அதன் விதையில் வந்தது. காலித் தம்ளரை வாங்கிப்போக மேலே வந்தவளிடம், "ஏளா, அந்த டிரங்குப் பெட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

தம்ளரை வாங்கிக்கொண்டே புருவத்தைச் சுருக்கினாள்.

"எந்தப் பெட்டி?" என்றாள்.