தெருவுக்கு அந்தப் பக்கத்து நீச்சல்குளம்

மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில் நாங்கள் இருந்த தெருவின் நடுவில் ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்கியது. கோடு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்துக் குப்பையைச் செவ்வாயில் எடுப்பார்கள், எதிர்ப்பக்கத்துக் குப்பையை வியாழனில். பத்து வயது வரை அதில் வேறு விஷயம் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் எதிர்ப்பக்கத்து ஊரின் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கினார்கள். என் வகுப்புத் தோழி சேர்ந்துவிட்டாள். எனக்கு இடமில்லை, நான் வேறு ஊராம். மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். களவாகத் தின்ற பிஸ்கற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, நாங்கள் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயிலில் துப்புரவு வேலை செய்தார். கோயில் மண்டபச் சுவரில் ஒரு பழைய வரைபடம் தொங்கியது. அதில் எல்லாம் ஒரே ஊர், ஒரே பங்கு, அதாவது எல்லாரும் அந்த ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள். பிறகு ஆற்றங்கரைக் கிராமத்தார் தெருவிளக்குக் கேட்டார்கள். வயல்காரர் அதற்கு வரி கட்ட மறுத்துத் தனி ஊரானார்கள். புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் வயல்காரரிடமிருந்து பிரிந்தார்கள். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் மொன்றியலோடு சேர்த்தபோது, தெருவின் எதிர்ப்பக்கம் வாக்குப் போட்டு மறுபடியும் வெளியேறிக்கொண்டது.

“விளக்கு வரிக்குப் பயந்து ஊரைப் பிரிச்சவங்கள்,” என்று மாமா சிரிப்பார். “எங்கட ஆக்கள் எண்டா வேலிச் சண்டையோட நிப்பாட்டியிருப்பினம்.”

ஊர் இத்தனை துண்டானாலும் பங்கு பிரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார் மாமா. என் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து, கலியாண வீடுகளுக்குப் போடும் சட்டையைப் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார். யுத்தத்தில் மன்னாரில் வீடும் அடையாள அட்டையும் எரிந்தபின், அகதிமுகாமில் அவர் இன்னார் என்று சொன்னது பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த அப்படியொரு துண்டுதான். அதை மிஞ்சிய கடதாசி உலகத்தில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“சொல்லு பிள்ளை, இந்தக் குளமும் எங்கட பங்குக்குள்ளதான் கிடக்குது எண்டு. ஊர் நேற்று வந்தது. கோயில் முந்தியே இருந்தது.”

வெட்கத்தில் நான் பாதியைத்தான் பிரெஞ்சில் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த வயதான பெண் சான்றிதழை இரண்டு பக்கமும் வாசித்தாள். தனக்கும் அதே கோயிலில்தான் ஞானஸ்நானம் என்றாள்.

“பாத்தியே!” என்றார் மாமா.

ஆனால் அவள் தலையை அசைத்தாள். குடும்பத்தில் ஒருவராவது இந்த ஊரில் குடியிருக்க வேண்டும், அதுதான் விதி.

அடுத்த சனிக்கிழமை மாமா தன் சூட்கேசோடு இறங்கினார். எதிர்வீட்டுச் சிநேகிதரின் நிலக்கீழ் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

“ஒரு குளத்துக்காக ஆரும் வீடு மாறுவினமோ?” என்றார் அப்பா.

“றோட்டைத்தானே கடக்கிறன் அத்தான், கடலையில்லையே.”

அம்மா யன்னலடிக்குப் போனா. நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன்.

அந்தக் கோடையில் நீந்தப் பழகினேன். சில வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். வில்லரேயில் ஒரு கடைக்கு மேலே, லவாலில் ஒரு சிநேகிதியின் வரவேற்பறையில், இன்னும் பெயர் மறந்த ஊர்களில் எல்லாம் இருந்தேன். மூட்டை கட்டுவது எனக்கு அரைமணி நேர வேலை. அன்று தெருவைக் கடந்தது மாமாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

யுத்தம் அவரையும் அம்மாவையும் எட்டு வருடம் பிரித்து வைத்திருந்தது, ஒருவர் செத்துவிட்டதாக மற்றவர் நினைக்கும்படி. இனி ஒரே கூரைக்குக் கீழேதான் என்று இருவரும் விமானநிலையத்தில் சொல்லிக்கொண்டதை அப்பா எனக்கு வளர்ந்தபின்தான் சொன்னார்.

அந்தக் கோடையில் ஒவ்வொரு மாலையும் அம்மா யன்னலடியில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பா. நான் ஈரத் தலையோடு பின்னால் போய், இன்று ஆழமான பக்கத்துக்குப் போனேன் என்று சொல்வேன். “ஓம், ஓம்,” என்பா, திரும்பாமல். நான் சொல்வதைக் கேட்கவே மாட்டா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.