மூக்குக்கு முன்னால் நின்ற குத்து

கராத்தே சொல்லிக் கொடுக்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: எங்களை அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். கீழே மெத்தை விரித்திருக்கும், விளக்கு எரியும், விசில் ஊதினால் நின்றுவிடுவார்கள். சிங்காநல்லூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வகுப்பு நடத்துகிறேன்; மாஸ்டர் என்று கூப்பிட்டாலும் நானும் பெண்தான். என்னைப் போலவே மாடி பிடித்து, மெத்தை விரித்து, வெள்ளை உடுப்புக்கு நீலம் போட்டே கை வெளுத்துப்போன சக மாஸ்டர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

குதிரை நிலை

சுதா ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். சூலூர்ப் பக்கம் வீடு. சாயங்காலம் பஸ் இறங்கி நடக்கும்போது ஒருவன் பைக்கில் பின்னாலேயே வருவதும், உரசுகிற மாதிரி போவதும், பேர் சொல்லிக் கூப்பிடுவதுமாக இருந்தான். வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் அப்பா அவனை நிறுத்த மாட்டார், இவள் வேலையைத்தான் நிறுத்துவார் என்று பயம். அவள் சித்தப்பா மகளுக்கு அப்படித்தான் நடந்ததாம். அந்த வேலையை விட்டால் தனக்கு வேறு உலகமே இல்லை என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். உடம்பு இளைக்க என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வகுப்பில் சேர்ந்தாள்.

நானும் முறைப்படி ஆரம்பித்தேன். வணங்குவது, நிற்பது, தடுப்பது. குதிரை நிலை என்று ஒன்று இருக்கிறது. காலை அகட்டி, முட்டியை மடக்கி, இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தொடை கிடுகிடுவென்று ஆடும். வாரா வாரம் அதில் நிறுத்தி வைத்தேன். ஒரு நாள் அப்படி நின்றுகொண்டே, வேர்வை வழிய, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "ஏனுங்க மாஸ்டர், அவன் பைக்ல வாரானுங்க. நான் இப்படி நின்னா பைக்கு நின்னுருமுங்களா?"

ஒரு விரல் இடைவெளி

எங்கள் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குத்து எவ்வளவு வேகமாக வந்தாலும் எதிராளியின் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட வேண்டும். மேலே பட்டால் புள்ளி குறையும், நானும் திட்டுவேன். சுதா இதில் கெட்டிக்காரி. அவள் குத்து நிற்கிற இடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம் என்று மற்றவர்களுக்கு உதாரணமே காட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் அவன் பைக்கை நிறுத்தி அவள் பையின் வாரைப் பிடித்திருக்கிறான். சுதா குத்தியிருக்கிறாள். நல்ல குத்து, நல்ல வேகம். அது அவன் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் வந்து, வகுப்பில் நிற்பது போலவே நின்றுவிட்டது. அவன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்த ஞாயிறு வந்து இதைச் சொன்னாள். அவன் சிரித்ததால் பிழைத்தோம், கோபப்பட்டிருந்தால்? அவள் என்னைக் குறை சொல்லவே இல்லை. தப்பு தன்னுடையது என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "கை தானா நின்னுபோச்சுங்க மாஸ்டர். யாருக்கும் அடி படக்கூடாதுன்னுதானுங்களே நீங்க பழக்குனீங்க."

பெட்ஷீட் ரவுடி

நிஜமாக அடித்துப் பழக ஓர் ஆள் வேண்டும். என் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், நல்ல தாட்டியான உடம்பு. அவர் மேல் சென்னிமலைப் பெட்ஷீட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றிக் கயிற்றால் கட்டி, தலையில் ஹெல்மெட்டை மாட்டி, வணக்கம் சொல்லாமல் திடீரென்று பாயச் சொன்னேன். பாவம், மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பை விட்டுவிட்டு வந்து பாய்ந்தார்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அடிப்பதை விட மரியாதை இல்லாமல் பேசுவதுதான் கஷ்டம். வேற்று ஆளை ஒருமையில் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் இல்லை. ஒருத்தி முழங்கையால் ஓங்கி இடித்துவிட்டு, "வலிக்குதுங்களாண்ணா?" என்று குனிந்து பார்க்கிறாள். சுதா இரண்டு கையாலும் அவரைத் தள்ளிவிட்டு, "தள்ளிப் போயிருங்க" என்கிறாள். சத்தமாகத்தான் சொன்னாள், ஆனால் விருந்தாளியை அனுப்புகிற தோரணை. என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை மரியாதையாத் தொரத்துனா, நானெல்லாம் காப்பி குடிச்சுப்போட்டுத்தான் கெளம்புவேன்."

மாடிச் சத்தம்

அதனால் கத்தப் பழகினோம். "கிட்ட வராதே, கையை எடு" என்று அடிவயிற்றிலிருந்து. முதல் வாரம் யாருக்கும் குரலே எழும்பவில்லை. எனக்கே எழும்பவில்லை. வகுப்பில் போடுகிற சத்தம் வேறு, இது வேறு. அடுத்தடுத்த வாரங்களில் மெல்ல ஏறி, ஒரு ஞாயிறு எல்லோரும் ஒரே மூச்சில் கத்தினோம் பாருங்கள், எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் ஹார்டுவேர் கடையில் இருந்த கம்பிகளை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று ஏறி வந்துவிட்டார்கள். பெட்ஷீட் சுற்றி நின்ற என் கணவர் அன்றைக்கு மயிரிழையில் தப்பினார்.

விஷயம் தெரிந்ததும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நான் கற்ற எந்த அடியும் இவ்வளவு சீக்கிரம் இத்தனை பேரைக் கொண்டு வந்ததில்லை. அன்றே பெண்களிடம் சொன்னேன், உங்கள் வழியில் எந்தக் கடை திறந்திருக்கும், யார் இருப்பார்கள் என்று பாருங்கள், அவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள் என்று. சுதா தன் வீட்டுப் பக்கத்து மாவு மில் அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். கீழே இறங்கிய ஆட்டோக்காரர்களில் பெரியவர் திரும்பி நின்று என்னிடம் கேட்டுக்கொண்டார்: "எப்பக் கூப்பிட்டாலும் வாரோமுங்க அம்மணி. நெசமா, கிளாசான்னு மட்டும் கடைசில ஒரு வார்த்தை சேத்திச் சொல்லிப்போடுங்க."

தறி ஓடும் வீடு

மறுபடி அவன் வந்தான். மாவு மில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பைக்கைக் குறுக்கே போட்டு, பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். சுதா குதிரை நிலையில் நிற்கவில்லை, குத்தவும் இல்லை. பையை அப்படியே அவன் கையில் விட்டுவிட்டு, பழகின சத்தத்தை எல்லாம் சேர்த்துக் கத்திக்கொண்டே மில்லைப் பார்த்து ஓடியிருக்கிறாள். மில் அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். தெரு திரண்டது. சுதாவின் பையும் அதிலிருந்த டிபன் பாக்ஸுமாக நின்றவனைப் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் சுதா போனில் சொன்னாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறார் என்றும் சொன்னாள். வேலை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். கெஞ்சிப் பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி இருந்தேன்.

வந்தார். வீட்டு முன் பகுதியிலேயே விசைத்தறி ஓட்டுகிறவர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. சுதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே, நாளையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குத் தான் வந்து நிற்பதாகவும், அவள் எப்போதும் போல வேலைக்குப் போகட்டும் என்றும் சொன்னார். அப்புறம் மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தறி ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன் பேசறதே எனக்குக் கேக்காதுங்க மாஸ்டர். அவ கத்துனது கேட்டுச்சுங்க. அவனுக்குப் பயந்ததை விட எனக்குப் பயந்துதான் இத்தனை நாளா வாய மூடிட்டு இருந்திருக்கா, அதத்தானுங்க என்னால தாங்க முடியல."

எனக்குத் தெரிந்த கராத்தே அத்தனையையும் சுதாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாளே, அந்தப் புண்ணியவதிக்கு என் கறுப்பு பெல்ட்டின் சார்பில் ஒரு பெரிய கும்பிடு.