ஹனீபா காக்கா விட்ட நோன்பு

சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நான் யாழ்ப்பாணத்தில் தையற்கடை வைத்திருப்பவன். ஊரில் என்னைப் பகிடிக்காரன் என்பார்கள். சென்ற ரமழானில் ஒரு வெள்ளிக்கிழமை என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று பகல் என் மகள் ரிஸ்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை சுகம். தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். இன்னும் வேண்டும் என்றார்கள்.

"மகளின்ரை இரத்த வகை என்னெண்டு தெரியுமோ ஐயா?" என்று தாதி கேட்டா.

"பதினாறரை" என்றேன்.

அது ரிஸ்னாவின் சட்டைக் கைநீளம். தாதி அட்டையைப் பார்த்து, ஓ நெகட்டிவ் என்று தானே சொல்லி, ஆட்களைத் தேடச் சொன்னா.

எனக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனால் ஊசி குத்துவதுபோல இருக்குமே, எனக்கு ஊசிகூடக் குத்தவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி பள்ளிவாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அரை மணித்தியாலத்தில் பதினான்கு பேர் இரத்த வங்கி வாசலில் நின்றார்கள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்கள்.

தாதி முதலாவது ஆளிடம் கேட்டா: "சாப்பிட்டனீங்களோ?"

பதினான்கு தலைகளும் இல்லையென்று ஒன்றாக ஆடின. நோன்பு. எல்லோரும் பட்டினி. இரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது, அவ்வளவு பேரைக் கூட்டிக்கொண்டு போன எனக்கு நினைவே வரவில்லை.

உடனே குருநகர் அன்ரனுக்குப் போன் எடுத்தேன். என்னோடு படித்தவர், கடற்தொழில். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பறந்து வந்தார். அவர்களுக்கு அது தவக்காலத்து வெள்ளி. ஒருசந்தி பிடித்து, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு இரவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கடைக்குத் துணி தைக்கக் கொண்டுவரும் புத்தூர்க்காரர் ஒருவரும் கேள்விப்பட்டு வந்தார். அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம்.

"யாழ்ப்பாணத்திலை இண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடேல்லையோ?" என்றா தாதி.

"சுவாமி கோவிக்கமாட்டார் மிஸ், நான் ரெண்டு வடை சாப்பிட்டிட்டு வாறன்" என்றார் அன்ரன். புத்தூர்க்காரரும் கூடவே எழும்பினார். வகையைக் கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் ஓ நெகட்டிவ் இல்லை. எங்களுடைய பதினான்கு பேரிலும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் யாரும் போகவில்லை. நாங்கள் அத்தனை பேரும் வாங்கில் வரிசையாக இருந்தோம். பசித்த வாய்கள் எல்லாம் மணத்தால் ஒன்றுதான் என்று அன்றைக்கு அறிந்துகொண்டேன்.

அப்போதுதான் துஆ கேட்டேன். நல்ல வசனம் ஒன்றும் வரவில்லை. "யா அல்லாஹ், எனக்குக் கேட்கவும் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

நிமிர்ந்தபோது வாசலில் ஹனீபா காக்கா நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய இரும்பு வாங்கி விற்பவர், வயதில் எனக்கு அண்ணன். அதற்கு முந்திய ரமழானில் அவர் மருதனார்மடம் சந்தியில் பகலில் தேத்தண்ணி குடிப்பதைக் கண்டேன். விசாரிக்கவில்லை. அன்று மாலை பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையோடு இருந்தவர்களுக்கு அவர் ஒளித்துக் குடித்த விதத்தை நடித்துக் காட்டினேன். கோப்பைகள் குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் நோன்பு திறக்கப் பள்ளிக்கு வரவில்லை. கடும் காய்ச்சலில், தேத்தண்ணியோடு மருந்து குடித்திருக்கிறார் மனிசன் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் யாரிடமும் அதைத் திருத்திச் சொல்லவில்லை. பகிடி கெட்டுப்போகும் அல்லவா.

"எனக்கு ஓ நெகட்டிவ்" என்று அவர் தாதியிடம் சொன்னார். "நோன்போடை எடுக்கமாட்டீங்களோ?"

மாட்டோம் என்றா. நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியாது என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

காக்கா படலையடிக் கடைக்குப் போனார். பிளேன்ரீயும் இரண்டு பணிசும் வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் பள்ளிக்காரர் பதினான்கு பேருக்கும் எதிரே இருந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மிடறு குடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"காக்கா, உங்கடை நோன்பு..." என்று இழுத்தேன்.

"விட்ட நோன்பை வேறொரு நாள் பிடிச்சுக் களாச் செய்யலாம். உன்ரை பிள்ளையைக் களாச் செய்ய ஏலுமே? விலகி நில் தம்பி, தேத்தண்ணி ஆறுது."

மஃரிப் தொழுகைக்கு முன்பே அவருடைய இரத்தம் உள்ளே போனது. பிறகு வேறு ஊரிலிருந்தும் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ரிஸ்னா கண் விழித்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வாய்தான் சொன்னது, உள்ளே இன்னும் மரக்கட்டை. நான்காம் நாள் பேத்திக்குச் சட்டை வெட்டும்போது, கைநீளத்துக்கு நாடாவில் இரண்டு விரல்கூட வரவில்லை. அங்கேதான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன்.

அன்று மாலையே பள்ளிவாசலில் எழும்பி நின்று, போன வருடம் நான் நடித்துக் காட்டியது அபாண்டம் என்று சொன்னேன். காய்ச்சலையும் மருந்தையும் சொன்னேன். அதைவிட நீளமான பேச்சு நான் பேசியதில்லை, இத்தனைக்கும் ஐந்து வசனம்தான்.

பெருநாள் கழிந்து காக்காவின் இரும்புக் கடைக்குப் போனேன்.

"களா எண்டைக்குப் பிடிக்கிறியள், காக்கா?"

"வியாழன். ஏன், அண்டைக்கும் எங்கையாவது நிண்டு பாக்கப்போறியோ?"

"நானும் உங்களோடை பிடிக்கிறன்."

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஓம், வா" என்றார்.

அந்த வியாழன் இரும்புக் குவியலுக்கு நடுவே நாங்கள் இருவரும் நோன்பு திறந்தோம். ரிஸ்னா குழந்தையோடு வந்து கஞ்சி ஊற்றினாள். நான் பேரீச்சம்பழத்தை அவரிடம் முதலில் நீட்டினேன். நாற்பது வருடமாக நோன்பு பிடிக்கிறேன். வாயும் சேர்ந்து பிடித்த முதல் நோன்பு அதுதான்.

அன்பானவர்களே, உங்கள் வாயால் யாராவது பள்ளிக்கு வராமல் நின்றிருந்தால், அடுத்த ரமழான் வரை பார்த்திருக்காதீர்கள். இன்றைக்கே போய் அவருடைய கதவைத் தட்டுங்கள். கஷ்டம் வந்தால் வார்த்தை வராவிட்டாலும் துஆ கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். என்னிடம் விட்டிருந்தால் நான் ஹனீபா காக்காவை அனுப்பியிருக்கமாட்டேன்.