மாமாவின் டைவர் மணிக்கூடுகள்

நடந்தது வரிசையாக இதுதான்:

1. காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள்.
2. மாமாவின் பிஸ்கட் பேணியில் பதினொரு மணிக்கூடுகள் அகப்பட்டன.
3. அம்மா ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னார்.
4. நான் திருத்தினேன்.
5. மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். சுழியோடிகள் கட்டும், சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடுகளைச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கி வருவார். தண்ணீர் புகுகிறதா என்று பார்க்க, நாங்கள் குடிக்கும் கிளாசிலேயே போட்டு வைப்பார். இரண்டு தடவை நான் வாய்வரைக்கும் கொண்டு போயிருக்கிறேன். அவருக்கோ நீச்சல் தெரியாது. ரயில் பாதையைத் தாண்டினால் கடல்; முழங்கால் நனைய இறங்கியதில்லை.

“டேய், கால் கழுவவும் கடலுக்குப் போகாதவனுக்கு எத்தினை டைவர் வோச்சடா வேணும்?” என்று அம்மா நாளுக்குப் பத்துத் தரம் கத்துவார்.

“வோச்சுத்தானே அக்கா இறங்கோணும், நானே?” என்பார் மாமா.

பேணியைத் திறந்த பொலிஸ்காரர் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைச் சுழற்றிப் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அம்மாதான் முன்னால் வந்தார்.

“டிரைவர் ஒர்லோசு, மாத்தயா.”

டிரைவர்மார் கட்டும் மணிக்கூடாம். லொறி புறப்பட்ட நேரத்தை அந்த விளிம்பில் குறித்துக்கொள்வார்களாம். பொலிஸ்காரர் தலையாட்டிவிட்டுப் பேணியை மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற நாளெல்லாம் சரியாகச் சொல்லும் அம்மா, ஆட்கள் வந்த நேரம் பார்த்தா எங்களை வெட்கப்படுத்த வேண்டும்? பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களமும் கைவசம் இருந்தது.

“டிரைவர் நெவெயி, டைவர்! வத்துர யட்ட!”

தண்ணீருக்கு அடியில் என்பது விளங்காமல் போய்விடுமோ என்று, மூக்கைப் பொத்திக் குனிந்தும் காட்டினேன்.

பேணி மறுபடி திறந்தது.

இயக்கத்தார் கடலுக்கு அடியால் வந்து கப்பலுக்குக் குண்டு வைக்கிறார்கள் என்று செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு தமிழ் வீட்டில் பதினொரு டைவர் மணிக்கூடுகள் இருந்தால் என்ன அர்த்தம் கொள்வார்கள் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஜீப் போன பிறகும் அவர் என் பக்கம் திரும்பாமல் வாசலிலேயே நின்றார். உச்சரிப்பைத் திருத்தியதற்குத்தான் கோபம் என்று நான் நினைத்தேன்.

மாமா பதினேழாம் நாள் திரும்பி வந்தார். இடது காது கேட்பதில்லை. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். பேணி வரவில்லை. அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.