நாங்க வாரோமுங்க

பேய், ஆவி எதையும் நான் நம்பியவன் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணச் சமையலுக்குப் போனவன், சுடுகாட்டை ஒட்டிய மண்டபத்தில்கூடத் தனியாகப் படுத்துத் தூங்கியிருக்கிறேன். இதை நீங்களும் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சோமனூர். என் அக்கா வீட்டுக்காரர் துரைசாமிதான் சமையல் மாஸ்டர், நான் அவருக்குக் கையாள். மச்சானுக்குத் தொண்ணூறு கிலோ உடம்பு. மரியாதையான மனுசன். ராங் நம்பர் வந்தால்கூட "வெச்சிரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார்.

போன தை மாதம் காந்திபுரத்தில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஆறு பேர் மூன்று நாள் மலை ஏறிப் பழங்காலத்துக் கல் வீடுகளைப் பார்க்கப் போகிறார்கள், பர்மிட் வாங்கியாயிற்று, வழிகாட்டி இருக்கிறார், சமைக்கத்தான் ஆள் வேண்டும் என்றார். மச்சான் ஒத்துக்கொண்டார். மலையின் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் போய் வருகிறார்கள்.

கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, அவருக்குச் சக்கரை இருக்குது. நேரத்துக்குத் திங்க மாட்டாரு. நீதான் பத்தரமாக் கூட்டிட்டு வரோணும்." செரி என்றேன். அதற்கு மேல் நான் பேசுகிறவன் இல்லை.

வழிகாட்டி மலைக்காரர், பெயர் ரங்கன், நாற்பது வயசிருக்கும். முதல் நாள் ஏற்றம் முழுக்க மச்சான் மூச்சு வாங்கினார். "மாப்ள, என்னையத் தூக்க ஒரு கழுதைக்குச் சொல்லியிருக்கலாமுங்க."

"கழுதை பாவமுங்க மச்சான்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேலே போய்ச் சேர்ந்தோம். மரமே இல்லாத புல்மேடு. அதில் பத்துப் பதினைந்து கல் வீடுகள். நாலு பக்கமும் பலகைக் கல், மேலே மூடுகல், உள்ளே ஆள் உட்காரலாம், நிற்க முடியாது. முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை. சின்ன இட்லிப் பானை நுழையும், அவ்வளவுதான்.

ரங்கன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "பேருதான் ஊடு. இது செத்தவங்களை வெச்ச எடமுங்க. எழவு ஊட்ல சொல்லிக்காம வந்துருவோமில்ல, அப்படித்தான் இங்கயும். பாத்துப்போட்டுப் பேசாமத் திரும்பிரோணும்."

எல்லாரும் தலையாட்டினோம். மச்சானும் ஆட்டினார். நான் பார்த்தேன்.

அங்கேயே ஒரு கல் வீட்டு ஓரமாகக் காற்றுக்கு மறைவில் அடுப்பு மூட்டி அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கினோம். சாப்பிட்டதும் ரங்கனும் பிள்ளைகளும் முன்னால் நடந்துவிட்டார்கள். பாத்திரத்தைக் கட்டி எடுக்க நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கினோம். மச்சான் மூட்டையைத் தோளில் ஏற்றினார். அவ்வளவு நேரம் நிழல் கொடுத்த கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எந்த வீட்டு வாசலிலும் சொல்கிற மாதிரி, பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"அப்ப நாங்க வாரோமுங்க."

உள்ளே இருந்து "வாங்க" என்றது.

பயங்கரமான குரல் எல்லாம் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்த இடத்தில் இருந்தே விடை கொடுப்பார்களே, அப்படி ஒரு குரல். ஆணா பெண்ணா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஆருங்க அது உள்ள?" என்று மச்சான் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். பிள்ளைகளில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். நான் மேட்டுக்குக் கீழே பார்த்தேன். ஆறு பேரும் ரங்கனோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

ஓடிப் போய் ரங்கனிடம் சொன்னேன். அவர் மச்சானைத் திட்டவில்லை. முகம் மட்டும் செத்துப்போயிற்று. "அவரைத் தனியா உடாதீங்க. முன்னால நடக்க வெச்சு நீங்க பின்னாலயே வாங்க" என்றார்.

அப்படியேதான் செய்தேன். அன்று ராத்திரி கூடாரத்தில் அவர் வேட்டி முனையை என் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் காலை இறங்கும்போது பனி மூட்டம், பத்து மணி இருக்கும். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் புல் சரிவு. மச்சான் நின்று ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார். "முன்ன நடங்க மாப்ள, இதா வந்துட்டேன்."

நான் தாண்டிப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. பத்து அடிகூட இருக்காது, திரும்பினேன். ஆள் இல்லை. கல் உருண்ட சத்தம் இல்லை, கத்தவும் இல்லை. புல் மடங்கவே இல்லை.

ஒரு மணி நேரம் தேடினோம். அப்புறம் ரங்கன், பிள்ளைகளைக் கீழே அனுப்பி வனத்துறைக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து "மேல போலாமுங்க" என்றார். அங்கிருந்து கல் வீட்டுக்கு ஏழு மணி நேர ஏற்றம். பொழுது விழுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நாங்கள் அடுப்பு மூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அவர் ஷூ இரண்டும் ஜோடியாக, வாசலில் கழற்றி விட்ட மாதிரி இருந்தன. ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். மச்சான் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையை விட்டுத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அந்த ஓட்டையில் என் தோள்கூட நுழையவில்லை.

மறுநாள் வனத்துறை ஆட்கள் எட்டுப் பேர் கடப்பாரை போட்டு மூடுகல்லை நகர்த்தித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். சட்டையில் ஒரு சிராய்ப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். உயிர் போனது முந்தின நாள் காலை பத்து, பத்தரை இருக்கும் என்றார்கள். பத்து மணிக்கு அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதும் அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "கூட்டிட்டு வந்துட்டயா தம்பி?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. கல்லை நகர்த்தியபோது வனத்துறைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை எடம் கெடக்குது, எதுக்குங்க இப்படி ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்காரு?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கி, இடது பக்கச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ்ஸில் தெரிந்த ஆள் ஏறினால் நகர்ந்து உட்காருவோமே, அப்படி. வலது பக்கம் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.